லாஸ்கர் கப்பல் தொழிலாளர்கள் ஏன் லண்டனிலேயே தங்கவில்லை?

கரையோரன்:
1914-ல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 50,000-க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் இருந்திருக்கிறார்கள், இவர்களைத்தான் லாஸ்கர்கள் என்பார்கள். இவர்களும் பிரிட்டிஷ் முடியின் குடிகள்தானே, அப்புறம் ஏன் ஒரே கப்பலில் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை? லண்டனில் இறங்கிய பிறகு அங்கேயே வேறு வேலை பார்த்திருக்கலாமே?

தமிழ்க்கப்பல்:
ஒப்பந்தம்தான் காரணம். கல்கத்தாவிலோ பம்பாயிலோ கையெழுத்து வாங்கும்போதே, இந்தியத் துறைமுகத்துக்குத் திரும்பிய பிறகுதான் கணக்குத் தீரும் என்று எழுதிவிடுவார்கள். இங்கிலாந்தில் இறங்கி அதிகச் சம்பளத்துக்கு வேறு கப்பல் பிடிக்க வழியே கிடையாது. 1823-ல் வந்த கப்பல் சட்டம் இவர்களைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. சாப்பாடு, படுக்கும் இடம் எல்லாவற்றிலும் குறைத்துத்தான் கொடுத்தார்கள். வெள்ளைக்காரரைவிட இவர்களுக்கு வெப்பம் தாங்கும் உடம்பு என்று சொல்லிச் சொல்லியே சில்ஹெட் (இன்றைய வங்கதேசத்தில் உள்ளது) பக்கத்து ஆட்களைக் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட வைத்தார்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதில் ஆள் சேர்க்கும் செராங்குக்கு, அதாவது மாலுமிகளின் மேஸ்திரிக்கு, வேறு பணம் கொடுக்க வேண்டும், அதனால் பலர் கடனோடுதான் கப்பல் ஏறினார்கள்.

மணிமேகலை_வா:
தமிழ்க்கப்பல் சார் சொல்வது சரி, ஆனால் யாருமே தங்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பலிலிருந்து நழுவியவர்கள் எப்போதும் இருந்தார்கள். 1857-ல் கிழக்கு லண்டன் துறைமுகப் பகுதியான லைம்ஹவுஸில் ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்காக ஒரு விடுதி திறந்தார்கள், பஞ்சாபின் கடைசி சீக்கிய மன்னரான மகாராஜா துலீப் சிங் அதற்கு 500 பவுண்டு கொடுத்தார். படுக்கை, சாப்பாடு எல்லாம் உண்டு, ஆனால் ஊருக்குத் திரும்பும் கப்பலில் ஏற்றி அனுப்புவதும் அதன் வேலை. அதைவிட மோசம் 1925-ல் வந்த உத்தரவு. பிரிட்டிஷ் குடி என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாத, வெள்ளையரல்லாத மாலுமிகள் அயல்நாட்டவர்களாகப் போலீஸில் பதிய வேண்டும். ஏழைத் தொழிலாளி கையில் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? வேல்ஸ் துறைமுக நகரான கார்டிஃபின் போலீஸ் உண்மையான பிரிட்டிஷ் குடிகளையே இப்படிப் பதிய வைத்தது.

கரையோரன்:
நன்றி இருவருக்கும். இதை யாரும் எதிர்க்கவே இல்லையா?

சுங்கன்:
எதிர்த்தார்கள். 1939-ல் போர் தொடங்கியதும், நீர்மூழ்கிக் கப்பல்கள் திரியும் கடலில் பழைய சம்பளத்துக்குப் போக மாட்டோம் என்று பல துறைமுகங்களில் லாஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறையப் பேரைச் சிறையில் போட்டார்கள், ஆனாலும் சம்பளம் உயர்ந்தது. அந்தப் போரில் 6,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் செத்தார்கள்.

நழுவி வந்தவர்களுக்கு உதவியதில் அயூப் அலி என்ற சில்ஹெட்காரரை மறக்கக் கூடாது. அவரும் கப்பலை விட்டு வந்தவர்தான். கிழக்கு லண்டனில் கமர்ஷியல் தெருவில் காபிக்கடை வைத்திருந்தார், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, இடம் கொடுத்து, ஊருக்குக் கடிதம் எழுதவும் பணம் அனுப்பவும் துணை நின்றார். 1943-ல் இந்திய மாலுமிகளுக்கென்று நலச்சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இன்று கிழக்கு லண்டனில் பிரிக் லேன் தெருப் பக்கம் சில்ஹெட் மக்கள் அவ்வளவு பேர் இருப்பதற்கு, அப்போது இவர்களை நம்பி இறங்கியவர்களும் ஒரு காரணம்.