பிளஸ் ஆரா, மைனஸ் ஆரா: பழைய பிளேயரில் எது ஓடும்?

வட்டுப்பித்தன்:
"பழைய பிளேயரில் டிவிடி பிளஸ் ஆர் ஓடவே ஓடாது, மைனஸ் ஆர்தான் ஒரே வழி" என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் வந்தது. இரண்டுமே (DVD+R, DVD-R) நாமே ஒரு முறை எழுதிக்கொள்ளும் வட்டுகள்தான். வட்டின் தொடக்கப் பகுதியில் புக் டைப் என்று ஒரு குறி இருக்கிறது, அது புரியாத வகையாக இருந்தால் சில பழைய பிளேயர்கள் வட்டைத் தொடாது. பிளஸ் ஆரில் எழுதும்போதே அதை டிவிடி ரோம், அதாவது ஆலையில் அச்சிட்ட வட்டு, என்று மாற்றிக்கொள்ளலாம். மைனஸில் முடியாது.

சிவப்புலேசர்:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே எழுதலாம். மைனஸை பயனியர் 1997இல் கொண்டுவந்தது, டிவிடி தரங்களை வகுத்த நிறுவனங்களின் கூட்டமைப்பான டிவிடி ஃபோரம் ஏற்ற வடிவம். பிளஸ் ஆர் 2002இல்தான் வந்தது. எங்கள் அக்கா கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பிளஸ் ஆரில் போட்டுக் கொடுத்தார். மாமா வீட்டு பிளேயரில் போட்டதும் இரண்டு தடவை கிர்ர் என்று சுற்றி 'நோ டிஸ்க்' என்றது. அதையே மைனஸில் எழுதினேன், மண்டபத்து வாசலிலிருந்து ஓடியது.

வட்டுப்பித்தன்:
ஸ்டுடியோக்காரர் புக் டைப்பை மாற்றினாரா, இல்லையா?

சிவப்புலேசர்:
எந்தக் கடையில் அதையெல்லாம் மாற்றுகிறார்கள்? எல்லா ரைட்டரிலும் அந்த வசதியே கிடையாது. கொள்ளளவிலும் மைனஸ்தான் கூடுதல்: 4,70,73,19,808 பைட். பிளஸ்ஸில் 4,70,03,72,992.

வட்டுப்பித்தன்:
அந்த 70 லட்சம் பைட்டில் ஒன்றிரண்டு எம்பி3 பாட்டு ஏறும், அதற்கா இவ்வளவு பெருமை? கேட்டது புக் டைப்.

வெள்ளித்தட்டு:
இரண்டு பேருமே தப்பு. DVD-R என்ற பெயரில் நடுவில் இருப்பது மைனஸே இல்லை, வெறும் இணைப்புக் கோடு. பிளஸ் வந்த பிறகுதான் ஜனங்கள் மைனஸ் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

வட்டுப்பித்தன்:
போன தடவை அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டு பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் எழுத்துப்பிழை பார்க்க வந்தீர்கள், நான் மறக்கவில்லை. பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

வெள்ளித்தட்டு:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. பெயரே தெரியாதவரிடம் புக் டைப் பாடம் எதற்கு?

சிவப்புலேசர்:
சரியாகக் கேட்டீர்கள். நான் மைனஸ் என்றுதான் சொல்வேன், ஆனால் மாமா வீட்டில் ஓடியது அதுதான்.

வட்டுப்பித்தன்:
மாமா வீடு, மாமா வீடு! 2002இலேயே சோனி இரண்டு வகையையும் எழுதும் ரைட்டரை விற்க ஆரம்பித்துவிட்டது, நீங்கள் இன்னும் ஒரே ஒரு பிளேயரை வைத்துக்கொண்டு ஊருக்கே தீர்ப்பு சொல்கிறீர்கள். நான் எழுதிய பிளஸ் ஆர் எல்லாம் ரோம் குறியோடுதான் போகிறது, இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. கல்யாண வட்டு கையில் இருக்கிறதல்லவா, கணினியில் போட்டு புக் டைப் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

சிவப்புலேசர்:
பார்க்க மாட்டேன். ஓடாத வட்டில் என்ன குறி இருந்தால் எனக்கென்ன?