ஒன்பதாவது கேள்வி

திருகோணமலை நகரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பும் என்னிடம்தான். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனநலக் கேள்வித்தாள் கொடுக்கலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடுக்கலாம். ஆனால் அன்றைக்கே தாளைப் பார்த்து, பிள்ளையோடு இருந்து பேச ஆள் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

நாங்கள் கொடுத்தது, மனச்சோர்வின் அறிகுறிகள் இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்கியூ-9 (PHQ-9) தாளின் பதின்ம வயதினருக்கான வடிவம். நித்திரை, பசி, களைப்பு, படிப்பில் கவனம் என்று கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். நோய் என்று முடிவுகட்ட முடியாது.

ஒன்பதாவது கேள்வி வேறு மாதிரி. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்றோ நினைத்ததுண்டா என்று அது கேட்கிறது. மொத்தம் நாலே புள்ளி வந்தாலும், இதில் ஒன்று விழுந்தால் அந்தப் பிள்ளையோடு பேசாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே உண்டாக்கிவிடுவோமோ என்று சக ஆசிரியர்கள் பயந்தார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டுவிட்டுத் தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதுதான் ஆபத்து. அதனால் முதல் பாடவேளையிலேயே தாளைக் கொடுத்து, ஒன்றரைக்கு மணி அடிக்குமுன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். வெள்ளிக்கிழமை வைக்கவே வேண்டாம், இடையில் இரண்டு நாள் போய்விடும்.

ஒரு பையன் அந்தக் கேள்விக்கு 'பல நாட்கள்' என்று அடையாளமிட்டிருந்தான். வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற பிள்ளை. தாய் குவைத்தில் வேலை, அம்மம்மாவோடு இருக்கிறான். "அம்மா கோல் எடுக்கேக்க நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவன் டீச்சர், அவ அங்க அழுவா" என்றான். நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. எப்போது அப்படித் தோன்றுகிறது, ஏதாவது செய்ய யோசித்தாயா, வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று நேராகக் கேட்டேன். நேராகவே பதில் சொன்னான். அன்றைக்கே அம்மம்மாவை வரச்சொல்லி, மூன்று பேருமாகப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்ட பிள்ளைகளும் உண்டு. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்க்கிறாள் என்றால் யார்தான் உண்மையை எழுதுவார்கள்? பரீட்சை மண்டபம் மாதிரி மேசைகளைத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதுவதை ஊருக்குச் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைப் பிறகு சொன்னால் பிள்ளைக்கு ஏமாற்றமாகிவிடும்.

பெற்றோரின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும். இன்னொரு பிள்ளையின் தகப்பன், கடற்றொழில் செய்கிறவர், கோபத்தோடு வந்தார். "என்ர பிள்ளைக்கு விசர் எண்டு சொல்றீங்களோ?" அவரை இருத்தி, "இல்லை ஐயா, சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கேக்க கண்ணில குறை தெரிஞ்சா கண் டொக்டரிட்ட அனுப்புறம்தானே, இதுவும் அப்படித்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மகள் இரவில் நித்திரை கொள்வதில்லை என்று தானே சொல்லத் தொடங்கினார். கிளினிக்குக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை, புள்ளி எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்கிறோம். இரவிலும் எடுக்கலாம். ஆசிரியர் அறையில் 'யார் யார்?' என்று கேட்பார்கள். பெயர்களைச் சொல்லாதீர்கள். அதிபருக்குக் கொடுக்கும் அறிக்கையில் எண்ணிக்கை போதும். உயிராபத்து என்று வந்தால் மட்டும் அவரைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள்.