ஏரிக்கரை ஓரத்து நிலத்தில் டிராக்டர் புதைகிறது, எதைக் கொண்டு சேடை (நடவுக்கு முன் தண்ணீர் கட்டி மண்ணைச் சேறாக்கும் உழவு) ஓட்டுவது?

எங்கள் நிலம் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே, கரையை ஒட்டிய தாழ்வான மூலையில் இருக்கிறது. முன்பு கோரை மண்டிக் கிடந்த ஊற்று நிலம். வடிகால் வெட்டி நெல்லுக்குக் கொண்டுவந்தோம். கரிய வண்டல், உரம் குறைவாகப் போட்டாலும் கதிர் தலை சாயும். அப்படிப்பட்ட மண்ணில் இந்தப் பருவம் டிராக்டரை இறக்கவே முடியவில்லை.

வண்டி 45 குதிரைத்திறன், டூ வீல் டிரைவ். பின்னால் 42 பிளேடு ரோட்டவேட்டர், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி. மேட்டுப் பக்கம் சேடை நன்றாக ஓடுகிறது. கரைப்பக்கம் திரும்பியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று அச்சு வரை புதைகிறது. சக்கரத் தடத்தில் உடனே ஊற்றுநீர் நிறைகிறது. கடப்பாரையை ஊன்றினால் இடுப்பளவு தடையின்றி இறங்குகிறது, கெட்டி மண்ணே தட்டவில்லை.

சேற்றில் புதையாமல் இருக்க கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினோம். சேறு அப்பிக் கனம்தான் கூடியது. தண்ணீரை வடித்துக் காயவிட்டோம். ஏரி நிறைந்திருக்கும்வரை கசிவு நிற்காது. ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டுக் கலப்பையோடு இறக்கியும் பயனில்லை. ஏர்மாடு இந்தப் பக்கம் கிடைப்பதில்லை.

ஏடிடி 37 ரக நெல் நாற்று நடவுக்குத் தயாராக நிற்கிறது. முற்றினால் தூர் கட்டாது.

இத்தகைய ஊற்று நிலத்தில் பவர் டில்லரை (பின்னால் நடந்தபடி கையால் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரம்) இறக்கி, புதையாமல் சேடை ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?