ஓட்டத்துக்கு எந்தத் துடிப்புக் கணக்கைப் பின்பற்றுவது?

உறவுகளுக்கு வணக்கம். 52 வயதான நான், கல்லடிப் பாலத்தடியிலிருந்து கடற்கரை வரை அதிகாலையில் மெதுவோட்டம் பயின்று வருகிறேன். ஓய்வில் என் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 62. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

வயதை 220 இலிருந்து கழித்தால் உச்சத் துடிப்பு 168 என்றும், வயதின் 0.7 மடங்கை 208 இலிருந்து கழித்தால் ஏறத்தாழ 172 என்றும் வருகின்றது. இரண்டுமே சராசரிக் கணக்குகள்தாம் என்பதால் அதில் எனக்கு வழக்கில்லை. குழப்பம் அடுத்த படியில்தான். 172 இன் 70 வீதம் 120. ஆனால் ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதி 110 இன் 70 வீதத்தோடு அதை மீண்டும் கூட்டும் கார்வோனன் முறையில் 139 கிடைக்கின்றது. 120 இல் நிற்பதென்றால் நான் நடக்கத்தான் வேண்டும். 139 இலோ பேசிக்கொண்டே ஓட முடிகின்றது. இலகு ஓட்டத்துக்கு எதனை எல்லையாகக் கொள்கிறீர்கள்?

கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் நாட்களில் வேகம் மாறாதபோதும் அரை மணி நேரத்தில் துடிப்பு மேலும் ஏறிவிடுகின்றது. வெக்கையும் நீரிழப்பும் காரணமென்று அறிவேன். அப்போது வேகத்தைக் குறைக்கிறீர்களா, பேச்சு தடுமாறாதவரை தொடர்கிறீர்களா?

மணிக்கட்டுக் கடிகாரம் சிலவேளை காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டுகிறதோ என்றும் ஐயுறுகிறேன். நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டி வைத்திருப்போர் மட்டக்களப்பில் இருப்பின், ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவீர்களா?