பொருள்: மாடுலேஷனுக்கு ‘ஊசலாட்டம்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிட்டாரைச் செருகி, காலால் மிதித்து அதன் ஒலியைப் பல விதமாக மாற்றும் பெட்டியான ‘ஸ்டீரியோ மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். வந்த பதில்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பெடலைத் தரையில் போட்டு, ஒவ்வொரு ஒலியாக மிதித்துக் கேட்டேன். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடு, இரவு நேரம், அதனால் ஹெட்ஃபோனில். தாளில் பார்க்கும்போது எல்லாச் சொல்லும் சரியாகத்தான் தெரிந்தது. ஒலியோடு சேர்த்துப் பார்த்தபோது பல சொற்கள் ஒட்டவில்லை.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காக நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. போன பொங்கல் நிகழ்ச்சிக்கு ஒரு பையன் பல நாள் உழைத்து, எதிரொலி இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி விழும்படி அமைத்துக்கொண்டு வந்தான். மண்டபத்தில் ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்கு ஒரே ஒரு கேபிள் போனது, அதுவும் வலப்பக்கத் துளையிலிருந்து. எதிரொலிகளில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. இடப்பக்கத் துளைக்கு மேலே ‘மோனோ’ என்று எழுதியிருந்தது. அதில் மட்டும் செருகினால் பெட்டியே இரண்டு பக்கத்தையும் கலந்து அனுப்பிவிடும். பையன் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறான், ஆனால் அது தனக்கு என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் அவனுக்கு எட்டும் சொல்லில் சொல்லி வைத்திருக்கவில்லை.

அதனால் முதலில் ஸ்டீரியோ. ‘இருவழி ஒலி’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். இருவழி என்றால் நமக்கு இருவழிச் சாலைதான், ஒன்று போகும், ஒன்று வரும். இங்கே இரண்டுமே வெளியே போகின்றன. என் பரிந்துரை ‘இடவல ஒலி’. மோனோவுக்கு ‘ஒற்றை ஒலி’. துளைகளுக்கு மேலே ‘இடம் / ஒற்றை’, ‘வலம்’ என்று ஒட்டிவிட்டால் அந்தப் பையனுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

பெடலுக்கு ‘மிதி’ போதும். ‘கால்மிதி’ வாசலில் கிடப்பது, ‘மிதியடி’ காலில் போடுவது. எஃபெக்ட்டுக்கு ‘விளைவு’ என்றவர்கள்தான் அதிகம். விளைவு என்றால் ஒரு செயலின் முடிவில் வந்து நிற்பது. பக்கவிளைவு, பின்விளைவு என்று பழகிய காதுக்கு, ‘பல்விளைவு மிதி’ ஏதோ எச்சரிக்கை போலக் கேட்கிறது. ‘மெருகு’ அழகான சொல்தான், ஆனால் டிஸ்டார்ஷன் மெருகில்லையே, வேண்டுமென்றே ஒலியைக் கரடுமுரடாக்குவது. நான் ‘சாயல்’ என்கிறேன். வாசிப்பது அதே கம்பி, அதே விரல். மிதித்ததும் அந்த ஒலிக்கு வேறொரு சாயல் வருகிறது. பல்சுவை போல, ‘பல்சாயல் மிதி’.

இனி முக்கியமான இடம், மாடுலேஷன், அதாவது ஒலியைத் தொடர்ந்து அசைத்துக்கொண்டே இருக்கும் சாயல்கள். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் இதற்குப் ‘பண்பேற்றம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வானொலிக்காக வந்த சொல் அது. நாம் கேட்கும் ஒலி 96.8 தமிழ் வானொலியில் அந்த 96.8 மெகாஹெர்ட்ஸ்தான் ஊர்தி அலை. அறிவிப்பாளரின் குரல் அந்த ஊர்தியில் ஏறி நம் வீட்டுக்கு வருகிறது, வந்ததும் இறங்கிக்கொள்கிறது. ஏற்றம் என்ற சொல் அங்கே கச்சிதம். மிதியில் அப்படி எதுவும் ஏறி இறங்குவதில்லை. உள்ளே ஒரு மெதுவான அலை இருக்கிறது, நொடிக்கு 0.1 முறையிலிருந்து 10 முறை வரை அசையும். மனிதக் காதின் கீழ்எல்லை 20 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த அலை நமக்குக் கேட்பதே இல்லை. கிட்டார் ஒலியைப் பிடித்து ஆட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆட்டம்தான் நமக்குக் கேட்கிறது.

‘கமகம்’ என்றே சொல்லலாமே என்று வீணை பயிலும் ஒரு தோழி எழுதியிருந்தார். அதற்கு மட்டும் நான் உறுதியாக மறுப்புச் சொல்கிறேன். கமகம் ராகம் தெரிந்த விரலிலிருந்து வருவது. தோடியின் காந்தாரம் அசைவது போல சங்கராபரணத்தின் காந்தாரம் அசையாது. மிதிக்கு ராகம் தெரியாது. சொன்ன வேகத்தில், சொன்ன அளவில், நிறுத்தும் வரை ஆட்டிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாளைக்குப் பிள்ளைகள் கமகத்தையும் ஒரு குமிழ் என்று நினைத்துவிடுவார்கள்.

நான் முன்வைப்பது: அந்த மெதுவான அலைக்கு ‘ஊசல்’, அது செய்யும் வேலைக்கு ‘ஊசலாட்டம்’. பெரும்பாலான மாடுலேஷன் மிதிகளில் இரண்டு குமிழ்கள் இருக்கும், ரேட், டெப்த். ஊசல் எவ்வளவு விரைவாக ஆடுகிறது, எவ்வளவு தூரம் ஆடுகிறது. ஊசல் வேகம், ஊசல் வீச்சு. தனி ஊசலைச் சிறு கோணத்தில் ஆட்டும்போது, வீச்சைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்த இரண்டு குமிழ்களும் அப்படித்தான், ஒன்றைத் திருப்பினால் மற்றது மாறாது. பிள்ளைகளுக்கு நூலில் ஒரு கல்லைக் கட்டிக் காட்டினாலே போதும்.

அப்புறம், எதை ஆட்டுகிறோம் என்று சொன்னால் பெயர் தானாக வந்துவிடும். ஒலியின் உரத்தை ஆட்டினால் டிரெமலோ, சுருதியை ஆட்டினால் விப்ராட்டோ. இந்த இரண்டிலும் ஆங்கிலத்தில் பெரிய குழப்பம் உண்டு. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை வளைக்கும் கைப்பிடிக்கு டிரெமலோ என்று பெயர் வைத்தார்கள். அதே நிறுவனம் பிறகு செய்த ஆம்ப்ளிஃபயர்களில் உரத்தை ஆட்டும் வசதிக்கு விப்ராட்டோ என்று எழுதினார்கள். இன்றைக்கும் கிட்டார்க் கடையில் ‘டிரெமலோ பார்’ என்று கேட்டால் அந்தக் கைப்பிடியைத்தான் எடுத்துத் தருவார்கள். நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம். ‘உர ஊசல்’, ‘சுருதி ஊசல்’ என்று வைத்தால் இந்தக் குழப்பம் தமிழுக்குள் வராது.

கோரஸுக்கு ‘சேர்ந்திசை’ வேண்டாம், அது பலர் கூடிப் பாடுவது. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் பக்கம் இரண்டு நாயனம் சேர்ந்து ஊதக் கேட்டிருப்பீர்கள். ஒரே சுரம்தான், ஆனால் ஒருவர் இம்மியளவு பிந்துவார், சுருதி ஒரு நூலிழை விலகும். அந்தத் தடிப்பும் மினுக்கமும் அங்கிருந்துதான் வருகிறது. கோரஸ் மிதியும் ஒலியை நகலெடுத்து, சுமார் 20 மில்லிநொடி பிந்த வைத்து, அந்தப் பிந்தலை ஊசலாட்டுகிறது. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஸ்பீக்கரில் மூல ஒலி, மற்றதில் ஆடும் நகல், இரண்டும் கலப்பது காற்றில். அதற்கு ‘இணைநாயனம்’ என்று வைக்க ஆசை. வாத்தியத்தின் பெயர் உறுத்தினால் ‘இணைக்குரல்’.

நகலைக் கோரஸைவிடக் குறைவாகப் பிந்த வைத்து மூல ஒலியோடு கலக்கும் ஃபிளாஞ்சருக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘விளிம்பி’ என்று ஒருவர் தந்தது, ஒலிநாடாச் சுருளின் விளிம்பை விரலால் அழுத்தி அந்த ஒலியை உண்டாக்கிய காலத்தை நினைவில் வைத்து. நாடாவையே பார்க்காத பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? உதவுங்கள்.

அன்புடன்,
ஹவ்காங்கிலிருந்து

*

மறுமொழி: ஈசூனிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பிக்கு,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மிதியை நான் தொட்டதில்லை, சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பண்பேற்றத்தை இவ்வளவு எளிதாகக் கைவிட வேண்டாம். வானொலியில் நடப்பதும் மிதியில் நடப்பதும் கணக்கில் ஒன்றுதானே? ஓர் அலை இன்னோர் அலையின் பண்பை மாற்றுகிறது. ஒரே கருத்துக்கு இடத்துக்கு ஒரு சொல் என்று போனால், நாளைக்குத் தமிழ்நாட்டு மாணவரும் நம் மாணவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் புரிந்துகொள்ள மாட்டார்கள். டிஜிட்டலுக்கு நாம் இங்கே மின்னிலக்கம் என்கிறோம், அங்கே வேறு சொல் சொல்கிறார்கள். அந்த இடைவெளியை நான் வகுப்பில் முப்பது ஆண்டு பார்த்தவன்.

ஊசல் பழைய சொல், நல்ல சொல். பிள்ளைத்தமிழில் பெண்மகவு ஊசலாடுவதைப் பாடியிருக்கிறோம். ஆனால் புணர்ச்சியைக் கவனியுங்கள். ‘பு’ என்று முடியும் சொல்லோடு ஊசலைச் சேர்த்தால் ‘பூசல்’ என்று ஒலிக்கும். ‘ஒலிப்பூசல்’ என்று எவரேனும் எழுதினால் படிப்பவர் சண்டை என்று நினைப்பார். நீங்கள் ‘உர ஊசல்’ எனப் பிரித்து எழுதியது சரி, கையேட்டில் அப்படியே விடுங்கள்.

இணைநாயனம் எனக்குப் பிடித்திருக்கிறது. மாற்றாதீர்கள்.

*

மறுமொழி: தெம்பனிஸிலிருந்து

வணக்கம் அண்ணா. நான் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்பவள்.

இடவல ஒலி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு விஷயம். மேடையில் நிற்பவரின் இடக்கை, எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலப்பக்கம். இதில் தப்பு நடக்காத நிகழ்ச்சியே குறைவு. கையேட்டில் ‘இடம், வலம் என்பது கேட்பவருக்கு’ என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். இன்னொன்றும் எழுதுங்கள். சில கோரஸ் மிதிகளில் ஒரு பக்கத்துக்குப் போகும் நகல் தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கும். இரண்டு பக்கத்தையும் மிக்சரில் ஒற்றையாகக் கூட்டினால் நகல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும், மூல ஒலி மட்டும் மிஞ்சும். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்ட அழகு மண்டபத்தில் இருக்காது. அதனால் ஒலிச்சோதனையிலேயே மண்டபம் ஒற்றையா இடவலமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

‘ஊசல்’ என்றதும் என் அம்மாவுக்கு ஊசிப்போன சாப்பாடுதான் நினைவுக்கு வந்தது. ‘ஊசலாட்டம்’ என்று முழுதாகச் சொன்னபோது அந்த எண்ணம் வரவில்லை. ‘ஊஞ்சல்’ என்றே வைத்தால் என்ன?

ஃபிளாஞ்சருக்கு: நீங்கள் ஹவ்காங்கில்தானே இருக்கிறீர்கள்? பாய லேபார் விமானத் தளத்திலிருந்து போர் விமானம் தலைக்கு மேல் போகும்போது ஒரு சீறல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகுமே, கேட்டிருப்பீர்கள். நேரே வரும் ஒலியும் தரையில் பட்டு வரும் ஒலியும் சற்றே முன்பின்னாகக் கலப்பதால் வருவது அது. மிதிக்குள் நடப்பதும் அதுவே. ‘சீறல்’ என்று வைத்துப் பாருங்கள்.

*

மறுமொழி: ஹவ்காங்கிலிருந்து

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

ஐயா, கணக்கில் இரண்டும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் இயற்பியலை ஆங்கிலத்தில் படிப்பதால் பண்பேற்றம் என்ற சொல்லை இதுவரை சந்தித்ததே இல்லை. அவர்கள் முதலில் சந்திக்கும் சொல், கேட்ட ஒலியைக் கண்முன் காட்ட வேண்டும் என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டு நூலை எடுத்தாலும் அவர்கள் தடுமாறக் கூடாது என்று நீங்கள் சொல்வதும் நியாயம். ஆகவே முதல் பக்கத்தில் ‘பண்பேற்றம்: ஓர் அலை இன்னோர் அலையின் பண்பை மாற்றுவது. மிதியில் இதை ஊசலாட்டம் என்போம்’ என்று எழுதிவிடுகிறேன். பொதுக் கொள்கைக்கு உங்கள் சொல், குமிழைத் திருப்பும் கைக்கு இந்தச் சொல்.

தங்கைக்கு: ஊஞ்சலை நானும் யோசித்தேன். ஆனால் ஊஞ்சல் என்றால் பலகையும் சங்கிலியும் கண்ணில் வந்துவிடுகின்றன, பொருள் முன்னே நின்று அசைவு பின்னே போகிறது. ‘ஊசல்’ என்று தனியாக எங்கும் எழுதாமல் ஊசலாட்டம், ஊசல் வேகம், ஊசல் வீச்சு, உர ஊசல், சுருதி ஊசல் என்று தொடராகவே எழுதுகிறேன். அம்மாவிடம் இந்தத் தொடர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர் காதுக்கு ஒப்பவில்லை என்றால் மறுபடி பேசுவோம்.

கேட்பவரின் இடவலம் பற்றிய வரியும், ஒற்றை மண்டபத்தில் நகல் அழிவது பற்றிய பத்தியும் மூன்றாம் பக்கத்தில் சேர்ந்துவிட்டன. அந்தப் பத்திக்குப் பெட்டி கட்டிப் போடுகிறேன்.

சீறல்! நேற்று மாலை மாடத்தில் நின்று காத்திருந்தேன். இரண்டு விமானம் போயின. உள்ளே வந்து மிதியில் ஃபிளாஞ்சரைப் போட்டு, ஊசல் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து ஒரு முறை கம்பியை வருடினேன். அதே ஒலி. வேகத்தைக் கூட்டும்போது மட்டும் சீறல் மறைந்து தண்ணீர் சுழிப்பது போல ஆகிறது, அதற்கு ‘சுழிப்பு’ பொருந்துமோ என்று ஒரு நினைப்பு. இரண்டு சொல்லையும் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லி, கண்ணை மூடிக் கேட்கச் சொல்லப் போகிறேன். அவர்கள் எதைச் சொன்னார்கள் என்று ஞாயிறு இரவு எழுதுகிறேன். ஃபேசர் என்ற இன்னொரு ஊசலாட்டச் சாயல் இன்னும் பாக்கி இருக்கிறது.

அன்புடன்.