3,000 வார்த்தை மனப்பாடம் செய்தும் ரைட்டிங்கில் 5.5தான். அடுத்து என்ன படிக்க?

தெற்குவாடி நர்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாம்பன் தெற்குவாடி. நர்சிங் முடித்து மூன்று வருடமாக ராமநாதபுரத்தில் வார்டு வேலை. இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் அகடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங் 7, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. அங்குள்ள நர்சிங் கவுன்சில் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது.

கோச்சிங்கில் ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்திருந்தார்கள். 3,000 வார்த்தை, பக்கத்திலேயே தமிழ் அர்த்தம். நைட் டூட்டியில் மாத்திரை கொடுத்து முடித்ததும் தினம் 30 வீதம் நூறு நாளில் முடித்தேன். மிட்டிகேட் என்றால் குறை, அல்லீவியேட் என்றால் குறை, டிமினிஷ் என்றால் குறை, டிக்ளைன் என்றால் குறை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வேறு நல்ல லிஸ்ட் இருந்தால் சொல்லுங்கள். அப்பா வள்ளத்தில் நண்டுக்குப் போகிறவர். பரீட்சைக் கட்டணத்தை மூன்றாவது தடவை கேட்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

மண்டபம் கேம்ப்:
அகடமிக் வேர்ட் லிஸ்ட் பாருங்கள் அக்கா. அவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்தது. மொத்தம் 570 சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கிற சொற்களும்), பத்துப் பிரிவு. அதிகம் வருகிறவை முதல் பிரிவுகளில்தான் இருக்கும். முதல் மூன்று பிரிவு, அதாவது 180 குடும்பம் படித்தாலே போதும் என்பேன்.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, தம்பி சொன்னது நல்ல லிஸ்ட்தான். ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தில்லை. உங்களிடம் வார்த்தை நிறையவே இருக்கிறது. கோளாறு அந்தக் 'குறை'யில் இருக்கிறது.

அல்லீவியேட் என்பது வலி, வறுமை மாதிரித் துன்பங்களோடு வரும். மிட்டிகேட் வந்தால் பக்கத்தில் ஆபத்தோ பாதிப்போ நிற்கும். ரெட்யூஸ் எல்லா வீட்டிலும் சாப்பிடுகிற பிள்ளை. விலை, எடை, வீக்கம், எதோடும் ஒட்டும். டிக்ளைன் தானாகக் குறைவது. மீன்பாடு டிக்ளைன் ஆகும், நீங்கள் எதையும் டிக்ளைன் செய்து குறைக்க முடியாது. பின்னால் ஒரு பொருளை வைத்தால் 'வேண்டாம் என்று மறுத்தேன்' என்று அர்த்தமே மாறிவிடும்.

நாம் வலையை வீசுவோம், நங்கூரத்தைப் பாய்ச்சுவோம். ஒருவன் வந்து "நங்கூரத்தை வீசினேன்" என்றால் உங்கள் அப்பாவுக்கு விஷயம் புரியும். கூடவே அவன் கடல் பக்கம் போகாத ஆள் என்பதும் புரிந்துவிடும். உங்கள் பேப்பரைத் திருத்தியவருக்கும் அப்படித்தான் புரிந்திருக்கும். ஒவ்வொரு வார்த்தையையும் அதன் ஜோடியோடு சேர்த்து எழுதிப் படியுங்கள், தமிழ் அர்த்தப் பத்தியைக் கிழித்துப் போடுங்கள்.

அதற்காகத் தமிழ் உதவாது என்று நான் சொல்லவில்லை. ரைஸ், ரெய்ஸ் இரண்டையும் குழப்பாதவர்களே இல்லை. நமக்கு அது ஏறு, ஏற்று. நண்டு விலை ஏறியது, அது ரோஸ். வியாபாரி விலையை ஏற்றினார், அது ரெய்ஸ்ட். 2025-இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தைத்தான் தினம் பார்க்கிறீர்களே. கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நடுப்பகுதி 17 மீட்டர் வரை மேலே போகும். பாலம் ரைசஸ், இயக்குகிறவர் ரெய்சஸ்.

அப்புறம் ஒரு வேலை. அப்பாவின் நண்டுக் கணக்கு நோட்டு வீட்டில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகுச் சரக்குக்கு அப்போது விலை எப்படி ஏறுகிறது, படகுகள் திரும்பியதும் எப்படி இறங்குகிறது என்று மாதவாரியாகக் கோடு போட்டு, 150 வார்த்தையில் எழுதுங்கள். ரைட்டிங்கில் முதல் கேள்வியான டாஸ்க் 1 கேட்பது அதைத்தான். டாஸ்க் 2 கட்டுரைக்கு இதைப் போல இரண்டு மடங்கு மதிப்பு, அதையும் விட்டுவிடாதீர்கள். மார்க்கில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்குதான், மீதி மற்றதற்கு.

தொண்டி சிஸ்டர்:
நர்ஸ் என்றால் மருத்துவத் துறைக்காரர்களுக்கான ஆங்கிலத் தேர்வு ஓஇடி எழுதலாமே? கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள், அதை வைத்து 180 முதல் 200 வார்த்தையில் ஒரு கடிதம். வார்டில் தினம் புழங்குகிற வார்த்தைகள்தான். நான் அதில்தான் தேறினேன். கட்டணம் மட்டும் ஐஇஎல்டிஎஸ்ஸை விட அதிகம்.

தெற்குவாடி நர்ஸ்:
கட்டணத்தைப் பார்த்தேன் அக்கா. இப்போதைக்கு ஐஇஎல்டிஎஸ்தான்.

காக்கா, டிக்ளைன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஸ்பீக்கிங்கில் வேலையைப் பற்றிக் கேட்டபோது, பிரஷர் நோயாளிகளிடம் "டிக்ளைன் யுவர் சால்ட்" என்று சொல்வேன் என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். நல்ல வார்த்தை போட்டுவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

தெற்குவாடி நர்ஸ் (பதினைந்து நாள் கழித்து):
நோட்டைக் கேட்டதும் அப்பா பயந்துவிட்டார், கடன் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்து. கோடு போட்டுக் காட்டியதும் உட்கார்ந்து பார்த்தார். நான் மே மாதம் உச்சம் என்று எழுதியிருந்தேன். அது ஜூன் முதல் வாரம் என்று திருத்தினார். நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி.

இதுவரை நான்கு எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம். நடுவில் எட்டு நாள் கணக்கே இல்லை, 'கச்சான்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார். கச்சான் காற்றுக்கு இங்கிலீஷில் என்ன? ஹெவி விண்ட் என்று போட்டிருக்கிறேன்.

கீழக்கரை காக்கா:
கச்சான் என்ற பேரை விடுங்கள், மேல்காற்றுதானே, வெஸ்டர்லி விண்ட் என்று போடுங்கள். ஆனால் ஹெவியை அடித்துவிடுங்கள். ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டதில்லையா தங்கச்சி? கனமழை, பலத்த காற்று. மழைதான் ஹெவி, காற்று ஸ்ட்ராங்.