லாண்டரியில் வேலை பார்த்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

குடந்தைக்காரன்:
வைகாசி முகூர்த்தம், மூன்று லாட்ஜ் துணி ஒரே நாளில். நான் சேர்ந்து நாலாம் நாள். சோடா போட்டு ஓடிய முதல் தண்ணீரில் மிஷின் கதவைத் திறந்தால் பெட்ஷீட் எல்லாம் செக்கச்செவேல். ரத்தம் என்று கத்திவிட்டேன். மாஸ்டர் சிரித்தார். "நலங்கு மஞ்சள்டா. காரம் பட்டா சிவக்கும். ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு கரைச்சுப் பாத்ததில்லையா?" கடைசி அலசலில் ஆசிட் விட்டதும் மஞ்சளாகத் திரும்பிவிட்டது. ஒரே ஒரு ஷீட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் திரும்பவில்லை, பழுப்பாகவே நின்றது. மாஸ்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உள்ளே தள்ளி ப்ளீச் ஊற்றினார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

தலையாட்டி:
எனக்கு அந்த ப்ளீச்தான் வினை. தஞ்சாவூர், ஆஸ்பத்திரித் துணி. ஆபரேஷனுக்கு முன் உடம்பு துடைக்கிற குளோர்ஹெக்சிடின் ஷீட்டில் ஊறியிருந்தது யாருக்குத் தெரியும்? ப்ளீச் பட்டதும் காபி நிறத்தில் திட்டுத்திட்டாக வந்தது. நாற்பது ஷீட். பெராக்சைடு போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. சம்பளத்தில் பிடித்தது கூடப் போகட்டும். எண்ணி வாங்க வந்த நர்ஸம்மா ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய பாய்லர்:
தலையாட்டி, ப்ளீச் மேல் பழி போடாதீர்கள். நம் பக்கம் எத்தனை போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது! முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடந்தைத் தம்பி, ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீரில்தான் முதல் அலசல். சுடுதண்ணீர் பட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரித் துணிக்கு அப்புறம் சூடு வேண்டும்: பிரிட்டன் கணக்கில் 71 டிகிரியில் 3 நிமிடம், 65 என்றால் 10. துணி முழுக்கச் சூடேற ஆகிற நேரம் தனி. மிஷினை அடைத்துத் திணிக்காதீர்கள், துணி விழுந்து அடிபட இடம் வேண்டும். என் கதையா? எண்ணெய்க் குளியல் ரிசார்ட் டவல். டிரையரிலிருந்து சூட்டோடு எடுத்துக் குவித்துவிட்டு டீக்குப் போனேன். வந்தால் குவியலின் நடுவிலிருந்து புகை. துவைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாது. ஆறவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

தலையாட்டி:
ஐயா, இரும்பு என்றால் துணி முழுக்க மஞ்சளிக்கும். எனக்குத் துடைத்த இடத்தில் மட்டும்தான் கறை.

துறைக்காரி:
எங்கள் அப்பா திருவையாற்றுப் பக்கம் வெள்ளாவி வைத்தவர். சேங்கொட்டைப் பாலில் ஊசி தொட்டுத் துணியில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார், விரல் நுனி எப்போதும் வெந்திருக்கும். நான் இப்போது கம்பெனியில், இஸ்திரி உருளையில் ஷீட் விடுகிறேன். போன வருஷம் ஒரு சத்திரத்துப் பழைய ஷீட் உருளைக்குள் போகும்போது மூலையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. அப்பா குறி. கையை எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் மடிக்கிற பெண் "என்னக்கா, சூடு பட்டுடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

குடந்தைக்காரன்:
பாய்லர் அண்ணே, பச்சைத் தண்ணீர் யோசனைக்கு நன்றி. நான் கறை எடுக்க வழி கேட்கவில்லை. அந்த மூட்டையில் இருந்த சீட்டில் "2-ஆம் மாடி, 11 ஷீட்" என்று எழுதியிருந்தது. நான் எண்ணியபோது 12.